டங்கனை ஆர் மேசைக்குக் கூப்பிடுவது

மகன்,

யாழ்ப்பாணச் சனம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் நடந்த வருஷம் அது. அதே கிழமைதான் இஞ்சை மொன்றியலில், கியூபெக் தனிநாடாகப் போகட்டோ வேண்டாமோ என்று ஆக்கள் வாக்குப் போட்டார்கள். நான் வேலை செய்த புல்லுவெட்டுகிற கொட்டிலில் ஒரு பழைய ரேடியோ, காலை தொடக்கம் பின்னேரம் மட்டும் பிரெஞ்சில் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வாக்கும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. எங்கட போர்மன் ரோனி, இத்தாலிக்காரன், "இவங்கள் பிரிஞ்சால் நான் எந்த நாட்டுக்குப் போறது" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். நான் யோசித்தது உன்னையும் அம்மாவையும்தான். நீங்கள் இரண்டுபேரும் அந்தப் பாலத்துக்கு அங்காலயா இங்காலயா என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. டங்கனுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் முதல்முதல் இருந்தது அந்தக் கிழமைதான்.

ஜூலை முதலாம் திகதி நீ ரொறன்ரோவுக்குப் போகிறாய். வாடகை ஒப்பந்தம் முடிகிற நாள், அண்டைக்கு இந்த ஊரில் பாதிச் சனம் கட்டிலையும் பிரிட்ஜையும் படியால் இறக்கிக்கொண்டு நிற்கும். நீ வாடகைக்குப் பிடித்திருக்கும் வானில் என் கட்டிலுக்கும் இடம் இருக்கிறது என்று மருமகள் சொன்னா. வருவதா இல்லையா என்று ஒரு பதில் சொல்லச் சொல்லி மூன்றுதரம் கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் நீ குறுக்கே கதைப்பாய், நான் பேந்து பேசாமல் இருந்துவிடுவேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு ரீச்சர் எழுதுகிறா. என் பேச்சில் பாதியை அவ திருத்திப் போடுவா. இப்பவும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, முதல் பதிலைச் சொல்லுங்கோ, பேந்து கதையைச் சொல்லலாம்" என்கிறா. இல்லை ரீச்சர், அப்பிடிச் சொன்னால் அவனுக்குக் கோபம்தான் மிஞ்சும், நீங்கள் எழுதுங்கோ என்று சொன்னேன்.

டங்கனை உனக்குத் தெரியும், ஆனால் ஆர் என்று தெரியாது. உனக்கு அவர் கலியாணத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவன். எனக்கும் முதலில் அப்படித்தான். புவாண்ட்-கிளேருக்கு அங்கால, ஆற்றைப் பார்த்தபடி இருந்த கோல்ஃப் கிளப்பில் நான் புல்லு வெட்டினேன். அவர் அங்கே புரொபெஷனல். புரொபெஷனல் என்றால் ரீவியில் வருகிற, கோப்பை தூக்குகிற ஆக்கள் என்று நினைப்பாய். அது வேறு சாதி. இது கிளப்போடு இருக்கிற ஆள். மெம்பர்மாருக்கு விளையாடப் பழக்கவேணும், தடிகளைத் திருத்தவேணும், பந்தும் கையுறையும் விற்கிற சின்னக் கடையை நடத்தவேணும், ஆர் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று ஒழுங்கு பண்ணவேணும், தோற்றுப்போய் வருகிறவனுக்கு, "இண்டைக்குக் காத்துச் சரியில்லை சேர்" என்று ஆறுதல் சொல்லவேணும். மற்றவன் விளையாடுவதற்கு ஒருவன் வேலை செய்கிறான். அவ்வளவுதான். தான் விளையாட நேரம் கிடைப்பது மழை நாளில்.

அந்த ஒக்டோபரில் கொழும்பில் இருந்த உன் மாமா ஒருவரால்தான் எனக்குச் செய்தி எடுத்துச் சொல்ல முடியும். அவர் கடைக்குப் போய்க் காசு கட்டி எடுக்கிற போன், அவருக்குப் பின்னேரம் என்றால் எனக்குக் காலை, நான் வேலையில் நிற்பேன். அறையில் என்னோடு இருந்த பெடியங்களும் டவுன்டவுன் குசினிகளில் கோப்பை கழுவிவிட்டு வந்து பிணம்மாதிரிக் கிடப்பார்கள், ஒருவனும் எழும்பிப் போன் எடுக்கமாட்டான். ரோனிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் டங்கனின் கடை வாசலில் நிறுத்தினான். "இவன்ர மனிசியும் பிள்ளையும் சண்டைக்குள்ள நிக்குதுகள். உன்ர போன் நம்பரைக் கொழும்புக்குக் குடுக்கட்டோ எண்டு கேக்கிறான்." டங்கன் என்னைப் பார்க்கவில்லை, என் சப்பாத்தைப் பார்த்தார். சேறு. "உள்ள வரேக்க துடைச்சுப்போட்டு வா" என்றார். அதுதான் அவர் தந்த அனுமதி.

விளையாட்டுக் காலம் முடிகிற நேரம். மெம்பர்மார் போய்விட்டார்கள், இலை கூட்டுகிற வேலையும் முடிந்து எங்களை நிறுத்திவிட்டார்கள். கடையையும் அவர் அந்தச் சனிக்கிழமை பூட்டியிருக்கவேணும். பூட்டவில்லை. நான் ஒவ்வொரு காலையும் லாசாலில் இருந்த அறையிலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன், அவர் ஹீற்றரைப் போட்டு வைத்துக்கொண்டு இருப்பார். விற்க ஒன்றும் இல்லை, வாங்க ஒருத்தரும் இல்லை. பழைய மெம்பர்மாரின் மரத்தலைத் தடிகளுக்கு மெழுகு நூல் சுற்றிக் கட்டுகிற வேலை ஒன்றை எடுத்து வைத்திருந்தார். நூலின் ஒரு நுனியை நான் இழுத்துப் பிடிக்கவேணும், அவர் தடியை உருட்டுவார். நூல் தொய்ந்தால் மட்டும் என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்ப்பார். என் இங்கிலீஷில் ஒரு கதையும் கதைக்க ஏலாது, அவருடைய ஸ்கொட்லாந்து இங்கிலீஷோ ரோனிக்கே விளங்காது. ஆகவே பேசாமல் இருந்தோம். வாழ்க்கையில் பலபேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள் மகன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த மனிசன் சும்மா இருந்தது நிற்கிறது.

போன் வந்தது. மாமா கத்துகிறார்: "அத்தான், கொடிகாமத்தில பள்ளிக்கூடம் ஒண்டில இருக்கினம். ரெண்டு பேரும் சுகம். பெடியனுக்குக் கொஞ்சம் காய்ச்சல், வேற ஒண்டுமில்லை." நான் போனை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது. டங்கனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற ஆளுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கு ஆரும் பழக்குவதில்லைப்போல. கடையின் மூலையில் பழகுவதற்கு ஒரு வலை கட்டியிருந்தது. என்னை எழுப்பி, கையில் ஒரு தடியைத் தந்து, முன்னால் ஒரு பந்தை வைத்து, "அடி" என்றார். என் சீவியத்தில் நான் அடித்த ஒரே கோல்ஃப் பந்து அதுதான். அது வலைக்குப் போகவில்லை, பக்கத்தில் தொங்கிய கையுறைகளுக்குள் போய் எல்லாவற்றையும் கீழே கொட்டியது. டங்கன் வலு கவலையாக, "தலையைத் தூக்கிப்போட்டாய்" என்றார். உயிரோடு இருக்கிற பிள்ளையை நினைத்துத் தலையைத் தூக்கினவன் நான், அவருக்கு அது பந்தடியில் ஒரு பிழை. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

பேந்து, நீங்கள் இரண்டுபேரும் இஞ்சை வந்துசேர்ந்த பிறகும், இருபது வருஷத்துக்குக் கிட்ட அந்த மனிசனைப் பார்த்தேன். அவர் தன் கதையை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, மழை நாளில் கடை வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொல்வார், நான் சேர்த்து வைத்துக்கொள்வேன். கடற்கரை ஊர்க்காரர். பள்ளிக்கூடத்தால் விலகி, ஒரு கிழட்டுப் புரொபெஷனலின் கடையில் தடிக்கு அரத்தாள் போடத் தொடங்கினார். கைநிறைய விளையாட்டு இருந்ததாம். இந்த நாட்டுக்கு ஆள் தேவையென்று கேட்டு எழுதியபோது, இரண்டு கோடைக்கு என்று கப்பலேறினார். மார்கரெட் என்று ஒரு மனிசியும் பின்னால் வந்தா. பிள்ளைகள் இல்லை. குளிர்காலத்தில் கிளப் பூட்டிவிடும், அப்போது டவுன்டவுனில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வலை கட்டி, ஓபீஸ்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கப் பழக்குவார். வெளியே பனி, உள்ளே புல்லே இல்லாத நிலத்தில் பந்து 'டொம், டொம்' என்று வலையில் மோதுகிற சத்தம். "என்ர பாதிச் சீவியம் பந்து எங்க போய் விழுகுதெண்டு காணாமலே போச்சு" என்று ஒருக்கா சொன்னார்.

ஒரே ஒரு தரம் நாட்டின் பெரிய போட்டிக்குத் தெரிவானார். முதல்நாள் நல்லாக அடித்தாராம். இரண்டாம் நாள் முடிவில் ஒரேயொரு அடி கூடிப்போனதால் போட்டியை விட்டு வெளியே போய்விட்டார். அடுத்த காலை, வழமைபோல எல்லாருக்கும் முதல் கடையைத் திறந்துவிட்டார். மெம்பர்மார் வந்து முதுகில் தட்டி, "நல்லாச் செய்தாய் டங்கன்" என்று சொல்லிப்போட்டு, தங்கள் தடிகளின் பிடிதோலை மாற்றித் தரும்படி நீட்டினார்களாம். நான் கேட்டேன், கவலையாய் இருந்ததோ என்று. "அண்டைக்கு நிறையத் தடி இருந்தது" என்றார். மகன், ரொறன்ரோவில் நீ பத்துப்பேருக்கு மனேஜராகப் போகிறாய். முதுகில் தட்டுகிற ஆக்கள் உனக்கும் இருப்பார்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்கு வெளியில், உன் பேரைச் சும்மா கூப்பிடுகிற ஒரு ஆளையாவது தேடிவை. டங்கனை அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். பொப் என்றும் ஜிம் என்றும் தங்களுக்குள் கூப்பிடுகிறவர்கள் அவரை டங்கன் என்பார்கள், அவர் எல்லாரையும் சேர் என்பார். ஒருவருடைய வீட்டுக் கதவு இலக்கமும் அவருக்குத் தெரியாது.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வாறன். அந்தக் கிளப்பில் ஒரு சாப்பாட்டுமண்டபம் இருந்தது, நிலம் முழுக்கச் சிவப்புக் கம்பளம். எங்களைப்போலக் கொட்டில் ஆக்கள் அதில் கால்வைப்பதில்லை, அது விளங்கும். டங்கன் கோட்டும் ரையும் போட்ட ஆள், அவர் ஏன் குசினிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் தனியச் சாப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டபோது, தனக்குப் பழக்கிய கிழட்டுப் புரொபெஷனல் சொல்லித் தந்த முறை என்றார்: மெம்பர் ஒருவர் வாய்திறந்து, "வந்து எங்களோட இரு" என்று கூப்பிட்டால் புரொபெஷனல் உள்ளே போகலாம். பரிமாறுகிற பிள்ளை கூப்பிடுவது கூப்பிடுகை ஆகாது, அவளும் சம்பளக்காரி, அவளுக்கு உரிமை இல்லை. இப்போது அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை என்று கிளப்பிலே சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவர் இளைப்பாறினபோது பெரிய விருந்து வைத்து, இனி நீயும் சீவியகால மெம்பர் என்று சொன்னார்கள். அடுத்த கிழமை அவர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்து வாசலில் நின்றார். ரோனி கண்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான்.

"உன்ர ஆள் வாசல்ல நிக்கிறான். போய் உள்ள தள்ளிவிடு."

"நான் எப்பிடி? சப்பாத்தைப் பார்."

"எனக்கு மட்டும் என்ன, பட்டுச் சப்பாத்தோ?"

இரண்டுபேரும் ஜன்னலுக்கு வெளியே செடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், கள்ளர்மாதிரி. கனநேரம் கழித்து ஒரு மெம்பர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் போய் இருந்தார்.

உன் கலியாணத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ மணவறையில் புகைக்குள் இருந்தாய். மார்கரெட் செத்த வருஷம் அது. டங்கன் ரை கட்டி வந்து, வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு, முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். எங்கட ஆக்களுக்கு வாய் சும்மா இருக்குமோ. "என்ன, மாப்பிள்ளைக்கு வெள்ளைக்கார மாமனாரும் இருக்கோ?" என்றார் உன் பெரியப்பா. தாலி கட்டி முடிந்ததும் சனம் முழுக்கச் சாப்பாட்டுப் பக்கம் பாய்ந்தது. எங்கட கலியாணத்தில் ஆரும் ஆரையும் மேசை காட்டி இருத்துவதில்லை, கண்ட இடத்தில் இருக்கவேண்டியதுதான். டங்கன் வாசலில் நின்றுவிட்டார். இரண்டாம் பந்தியும் போய்விட்டது, அவர் நிற்கிறார். "பாவம், உறைப்பெண்டு பயப்பிடுகிறார், ஒரு கேக் துண்டைக் குடுங்கோ" என்றார்கள். கோலாவும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவர் வாங்கிப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு நின்றார். உன் அம்மாதான் கண்டா. கூறைச்சேலைக்காரியைக் கவனிக்கிற அவ்வளவு அவதிக்குள்ளும் நேரே போய், "வாங்கோ, வந்து இருங்கோ, சாப்பிடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னா. மனிசன் உடனே வந்து இருந்தார். வடையும் சாப்பிட்டு, பாயசத்தை இரண்டுதரம் வாங்கிக் குடித்தார். வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சொன்னா: "அது கூப்பிடாமல் வராதப்பா. எங்கட பழைய ஆக்களைப்போல. கலியாண வீட்டுக்காரி கூப்பிட்டாத்தான் கணக்கு."

அம்மாவும் போய்விட்டா. டங்கனுக்கு மறதி வந்து, புவாண்ட்-கிளேரில் வயதானவர்களைப் பார்க்கிற ஒரு இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நான் மாதத்துக்கு ஒருக்கா, இரண்டு தரம் போய்ப் பார்ப்பேன், அவ்வளவுதான். உனக்கு நான் சொல்வதுமில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு அப்படியே அங்கே போனேன். உன் கலியாணத்துக்கு நீ எடுத்துத் தந்த அந்த நீலக் கோட்தான் போட்டிருந்தேன். டங்கன் மெலிந்து சேர்ட்டுக்குள் ஆள் இல்லாததுபோல இருந்தார். பார்க்கிற பிள்ளை, நத்தாலி என்று பேர், நல்ல பிள்ளை, அவ எனக்குக் கையைக் காலைக் காட்டிச் சொன்னா: மேசைக்கு வாறாரில்லை, மணி அடித்தாலும் வாறாரில்லை, அறைக்குக் கொண்டுபோனால், "இது ஆரோ ஓடர் பண்ணினது" என்று திருப்பி அனுப்புகிறார், டொக்டரும் பார்த்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். டங்கன் சாப்பாட்டு அறை வாசலில், கையில் தொப்பியோடு நிற்கிறார்.

நத்தாலி அவர் தோளில் கைவைத்து, "மிஸ்ஸியே டங்கன், வாங்கோ" என்கிறா, அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிப்போட்டு அந்த இடத்திலேயே நிற்கிறார். அவ போட்டிருந்தது வேலைச் சட்டை. நான் கிட்டப் போனேன். என் கோட்டைப் பார்த்தார். "வணக்கம் சேர். மேல்காத்து, இண்டைக்குக் கவனமா அடிக்கவேணும்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "டங்கன், வந்து என்னோட இரு" என்றேன். அவர் உடனே வந்தார். சூப்பையும் குடித்து, இறைச்சியையும் தின்று, என்ர பாணையும் தின்றார். நத்தாலி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றா. அவவுக்கு விளங்கப்படுத்தினேன், அவவும் தன் பெரியவர்களுக்குச் சொன்னா. பேந்து அவர்கள் ஒரு பிள்ளைக்கு வேறு உடுப்புப் போட்டுக் கூப்பிடவைத்துப் பார்த்தார்கள். டங்கன் அந்தப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். மெம்பர் ஆர், மெம்பர் இல்லாதவர் ஆர் என்று கண்டுபிடிப்பதுதானே அவருடைய தொழில். ஆனால் நாற்பது வருஷம் அந்தத் தொழில் செய்த ஆள், புல்லு வெட்டின என்னை மெம்பர் என்று நம்பினார். மறதி எனக்குச் செய்த உபகாரம்.

அதற்குப் பிறகு நான் அநேகமாக ஒவ்வொரு நாளும் போகிறேன். மதியத்துக்கு ஒருக்கா. கோட்டைத் தோய்த்து அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால், மூலைக்கடை டெப்பனேர்க்காரன், "இண்டைக்கும் கலியாணமோ?" என்று கேட்கிறான். சாப்பிட்டு முடிய டங்கன் எனக்குப் பழக்குவார். கரண்டியைப் பிடிக்கச் சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "இறுக்காதைங்கோ சேர், குருவிக்குஞ்சைப் பிடிக்கிறமாதிரி" என்பார். அவர் கை இன்னும் சூடு.

ஒன்றை உனக்குச் சொல்லவேணும். ரீச்சர் இதை வெட்டட்டோ என்று கேட்டா, வேண்டாம் என்றேன். அம்மாவின் திவசத்துக்கு அடுத்த நாள் எனக்கு வீட்டில் இருக்க ஏலவில்லை. முதல்நாள் நீயும் பிள்ளைகளும் வந்துபோன சத்தம் கிடந்தது, பேந்து அதுவும் இல்லை. என்னை நான் என்று தெரிந்து ஆராவது இரண்டு சொல்லுக் கதைத்தால் காணும்போல இருந்தது. அலுமாரியில் என் பழைய வேலை ஜாக்கெட் கிடந்தது, பச்சை. அதைப் போட்டுக்கொண்டு, கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். டங்கன் நடையில் நின்றவர், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது மகன். சேர் இல்லை, ஒன்றும் இல்லை. "எங்க போனனீ? ரோனி உன்னைத் தேடுறான். சப்பாத்தைத் துடைச்சியோ?" என்றார். நான் துடைத்துக் காட்டினேன். "இரு, இரு. போன் இன்னும் வரேல்லை. வரும்" என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இரண்டுபேரும் பேசாமல் இருந்தோம். அந்தக் கொஞ்ச நேரம், எனக்கு ஒரு குறையும் இல்லை.

மணி அடித்தது. நான் கழுவுகிற அறைக்குள் போய்க் கோட்டை மாற்றிக்கொண்டு, தலையை இழுத்துச் சீவிவிட்டு, மெம்பராகத் திரும்பி வந்தேன். "டங்கன், வந்து என்னோட இரு." அவர் எழும்பவில்லை. "மன்னிக்கவேணும் சேர்" என்றார். "புல்லு வெட்டுற ஆள் ஒருவர் இப்ப இஞ்சை இருந்தவர். அவற்ர மனிசியும் சின்னப் பெடியனும் சண்டைக்குள்ள நிக்கினம். செய்தி வருமட்டும் நான் கடையைத் திறந்து வைச்சிருக்கிறன். அந்த மனிசன் சாப்பிடாமல் இருக்கேக்க நான் எப்பிடி வாறது, சேர்?"

அந்த நடையில் தள்ளுநாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, சூப் மணக்கிறது. அந்தப் போனுக்கு இப்பவும் காத்திருக்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். நான் அவருக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்: "போன் வந்திட்டுது, டங்கன். தாயும் பிள்ளையும் சுகம். பள்ளிக்கூடமொண்டில இருக்கினம். பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல், வேற ஒண்டுமில்லை." என் சொந்தப் பிள்ளையின் செய்தியை அன்னியன்மாதிரிச் சொன்னேன். "மெய்யாவோ சேர்? ஆளுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன். "நல்லது. நல்லது" என்று இரண்டுதரம் சொல்லி, எழும்பி என்னோடு வந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பச்சை ஜாக்கெட்டை நான் அங்கே கொண்டுபோனதில்லை. அதைப் போட்டால் என்னைத் தெரிகிறது, ஆனால் மனிசன் சாப்பிடமாட்டார். கோட்டைப் போட்டால் சாப்பிடுவார், நான் ஆரென்று தெரியாது. கோட்டைத்தான் போடுகிறேன்.

ரொறன்ரோவில் கோயில் நடக்கிற தூரம் என்கிறாய். கதைக்க ஆக்கள், தமிழ்க்கடை, கீழே எனக்கென்று தனி அறை, பேத்தியும் தமிழ் பழகுவாள். எல்லாம் மெய். நீ நல்ல மனதோடு கேட்கிறாய் என்பதும் தெரியும். எனக்கு அங்கே வர ஆசை இல்லையென்று நினைக்காதே. இந்த வீட்டில் சில நாளைக்கு நான் கதைப்பது பஸ் டிரைவருக்கு ஒரு போஞ்சூர், டங்கனுக்கு ஒரு, "வந்து இரு", அவ்வளவும்தான். சனிக்கிழமையில் ரீச்சர் வருவா. குளிர்காலம் நினைத்தால் பயம். ஆனால் என் மகன், மதியம் மணி அடிக்கிற நேரம் ரொறன்ரோவில் உன் மேசையில் நான் இருந்தால், ஒரு வாய் உள்ளே இறங்காது. அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். ஜூலை முதலாம் திகதி வானில் என் கட்டிலை ஏற்றவேண்டாம். அந்த இடத்தில் பேத்தியின் சைக்கிளை வை. வீட்டுக்காரனுக்கும் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நான் தேவையில்லாத ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் போன் எடுப்பேன், நீ வந்து ஏற்று.

போன கிழமை நீ போனில் குரலை உயர்த்தி, "அப்பா, இந்த மொன்றியலில உங்களுக்கு இனி ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டாய். நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன், உனக்கு அது கோபம். கோபமில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். என்னோடு அறையில் இருந்த பெடியங்கள் இரண்டுபேர் உங்கட ரொறன்ரோவில் செத்தார்கள், மற்றவன் ஆஸ்பத்திரியில் போனான். கொழும்பில் இருந்து போன் எடுத்த உன் மாமா இல்லை. ரோனி புற்றுநோயில் போனான், பெட்டிக்குள்ளும் அவன் நகத்தில் மண் இருந்தது. மார்கரெட் இல்லை. அந்த மண்டபத்தில் கையைக் காட்டிக் கூப்பிட்ட மெம்பரின் பேரை இப்போது கிளப்பில் ஆக்கள் இருக்கிற ஒரு வாங்கில் எழுதி வைத்திருக்கிறார்களாம். உன் பெரியப்பா இல்லை. உன் அம்மா இல்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான் மகன். டங்கன் இருக்கிறார்.